மீட்டரிடம் இருந்த சாவி

நாலு மணிக்கு நாங்கள் நாலு பேரும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். சலவைக் கடைக்கு மேலே உள்ள மாடி அறை அது. படி முடிகிற இடத்தில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். மூன்று பேர் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நான் ஒரு படி கீழே நின்றேன். மழை வேறு. தகரக் கூரையின் ஓட்டை சரியாக என் தோளுக்கு மேலே இருந்தது. சாவி வைத்திருந்த மனிதரைக் காணோம்.

பதினோரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே கூடிக் கதை வாசிக்கிறோம். எழுத்தாளர்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சம். ஓட்டுநர் அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், எழுதுவதெல்லாம் காதல் கதை. மருந்தம்மா மருந்துக் கடை நடத்துகிறார். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து அவர் எழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. லிஃப்ட் என்று நாங்கள் கூப்பிடும் தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பேய்க் கதை தவிர வேறு எழுத மாட்டான். நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதை வெட்டியே பழகிய கை என்பதால் எனக்குக் கத்திரி என்று பெயர். ஐந்தாவது ஆள்தான் மீட்டர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை.

அறைக்கு ஒரே ஒரு சாவிதான். பூட்டு பழையது, மாற்றுச் சாவி எது செய்தாலும் திரும்பாது. அதனால் அப்போதெல்லாம் சாவி வாரம் ஒருவரிடம் இருக்கும். வைத்திருப்பவர் முன்னதாக வந்து கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாற்காலி போட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. ஒருவர் கதையை இன்னொருவர்தான் வாசிப்பார், எல்லோரும் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது, "இது உண்மையா?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அந்த இரண்டாவது விதியை எழுதி ஒட்டியதே நான்தான்.

"போன் அடிச்சுப் பார்த்தியா?" என்றேன் லிஃப்டிடம்.

"அணைச்சு வெச்சிருக்கார்க்கா. மூணு தடவை அடிச்சிட்டேன்."

"வரட்டும், வெச்சுக்கிறேன். சாவிய வாங்கிட்டுப் போறப்ப மட்டும் பெரிய மகாராஜா மாதிரி வாங்கிட்டுப் போறது."

எனக்கு அப்போது கோபம்தான் இருந்தது. நனைந்த செருப்பும், ஒழுகும் கூரையும், பையில் திருத்தாமல் கிடக்கும் நாற்பது பக்கமும் சேர்ந்த கோபம்.

ஓட்டுநர் அண்ணன் மழைக்கோட்டை உதறிக்கொண்டே சொன்னார். "நல்லவேளை இது திரும்பக் கிடைச்சுது. போன மழைக்காலத்துல மீட்டர்கிட்ட குடுத்தது, மறந்தே போயிட்டேன். நேத்து என் வண்டி சீட்டுல மடிச்சு வெச்சிட்டுப் போயிருக்கார்."

"என் கடையிலயும் ஏதோ பொட்டலம் வெச்சிட்டுப் போனாராம்," என்றார் மருந்தம்மா. "கடைப் பொண்ணு சொன்னா. இன்னும் பிரிக்கல."

லிஃப்ட் தன் பையைத் திறந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "இது என்னோடது. வியாழக்கிழமை வேலை செய்யற இடத்துக்கே தேடி வந்து குடுத்தார்." பிறகு என்னைப் பார்த்தான். ஊரில் உள்ள பேயையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளையின் முகம் வெளிறிப் போயிருந்தது. "அக்கா. போன வாரக் கதை."



போன வாரம் வாசித்தது மீட்டரின் கதை. அதில் ஒரு மனிதன் இரவல் வாங்கிய பொருள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவான். பக்கத்து வீட்டு ஏணி, ஒருவருடைய குடை, இன்னொருவருடைய புத்தகம். என்னப்பா திடீரென்று, என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கொடுத்து முடித்ததும் ஊருக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கத்துக்கு நடந்து போவான், திரும்பி வரக் கூடாது என்று. கடைசிப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து நிற்கும்போது சட்டைப் பையில் கை போகும். ஒரு சாவி இருக்கும். அது அவனுடையது இல்லை. அதைக் கொடுக்கத் திரும்பி நடப்பான்.

நான்தான் முதலில் பேசினேன். அந்த வார்த்தைகளை இன்றைக்கும் ஒன்று விடாமல் சொல்வேன். "இவ்வளவு தூரம் வந்தவன் ஒரு சாவிக்காகத் திரும்புவானா? யார் நம்புவாங்க? கடைசிப் பக்கம் பொய். அவன் திரும்பக் கூடாது." மற்றவர்களும் தலையாட்டினார்கள். கதாநாயகியைச் சாகவிடாமல் நூறு பக்கம் இழுக்கிற ஓட்டுநர் அண்ணன்கூட, "ஆமா, முடிவு கொஞ்சம் நோஞ்சானா இருக்கு" என்றார். நான் சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். பழக்க தோஷத்தில் அதை மடித்து என் பையிலும் போட்டுக்கொண்டேன்.

விதிப்படி அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் முறை வந்தபோது, "சரிங்கக்கா. நீங்க சொல்றதுதான் சரின்னு தோணுது" என்றார். ஓட்டுநர் அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லை. எழுதுகிறாரே, தேறிவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு மனிதன் எங்கள் முன்னால் உட்கார்ந்து நான் சாகப் போகிறேன் என்று எட்டுப் பக்கம் எழுதிக் காட்டியிருக்கிறான். நாங்கள் நடை நன்றாக இருக்கிறது, முடிவு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். வேறு எந்த நாலு பேரும் இப்படி ஒரு தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கதையைச் சலவைக் கடைக்காரர் கேட்டிருந்தால்கூட, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றிருப்பார்.

"சாவி," என்றார் மருந்தம்மா. "கதையில கடைசியா மிஞ்சறது சாவிதான? அத நமக்குத் திருப்பிக் குடுத்துட்டாரா இல்லையா?"

சாவியையும் கொடுத்துவிட்டிருந்தால், அவர் திரும்பி வர ஒரு காரணமும் மிச்சமில்லை. கடையில் இருந்த பொட்டலத்தை மருந்தம்மா இன்னும் பிரிக்கவில்லை.

மருந்துக் கடை இரண்டு தெரு தள்ளி. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் ஓடினோம். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய சின்னப் பொட்டலம். மருந்தம்மாவுக்கு முடிச்சு அவிழவில்லை. லிஃப்ட் பல்லால் கடித்து அறுத்தான். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். அவர் மனைவி படுத்த படுக்கையாய் இருந்தபோது மருந்தம்மா கொடுத்தது. தாளை விரித்து, உதறி, மேஜைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தோம். சாவி இல்லை.

"இல்ல," என்றான் லிஃப்ட். "இல்ல, அப்ப இன்னும் அவர்கிட்டதான் இருக்கு."

எனக்குத் திடீரென்று என் அகராதி நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவரிடம் கொடுத்தது. அச்சகத்துக் காவலாளிக்குப் போன் செய்தேன்.

"ஆமாம்மா. காலையில ஒரு சார் தடியா ஒரு புத்தகம் குடுத்துட்டுப் போனாரு. உங்க மேஜையில வெச்சிருக்கேன்."

"அதுக்குள்ள சாவி இருக்கான்னு பாருங்கண்ணே."

"புத்தகத்துக்குள்ள யாராவது சாவி வெப்பாங்களாம்மா?"

"பாருங்கண்ணே! தலைகீழாப் பிடிச்சு உதறிப் பாருங்க!"

அவர் போனைக் கீழே வைத்தார். நடந்து போகும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் விழலம்மா" என்று அவர் சொன்னதும் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் ஓட்டுநர் அண்ணன் மீட்டரோடு இருக்கும் அவர் அக்காவுக்குப் போன் போட்டிருந்தார். "கூட்டத்துக்குன்னுதான காலையிலயே கெளம்பினான்? அங்க வரலியா?" என்றார் அந்த அம்மா. "வந்துக்கிட்டு இருப்பார்மா" என்று அண்ணன் பொய் சொன்னார். சொல்லும்போதே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "நேத்து துணியெல்லாம் அவனே துவைச்சு மடிச்சு வெச்சான். பக்கத்து வீட்டு ஏணியையும் கொண்டுபோய்க் குடுத்துட்டான். இப்பதான் கொஞ்சம் ஆளா ஆயிருக்கான் தம்பி" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னது எனக்கே கேட்டது.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பேருந்தை ஷெட்டில் விடாமல் அண்ணன் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். குழந்தைகள் உட்காரும் இருக்கையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டோம். வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்திருக்கும். முப்பது வருடத்தில் ஒரு சிக்னலைக்கூட மீறாத மனிதர் அன்றைக்கு இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனார்.

நீர்த்தேக்கம் பெரியது, சுற்றி வரவே ஒரு மணி நேரம் ஆகும். எந்த இடம் என்பது கதையின் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. பையில் துழாவி எடுத்தேன். ஈரத்தில் மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்தம்மா வாங்கிப் படித்தார்.

"பழைய பம்ப் ஹவுஸ் பின்பக்கம்... இரும்புக் கம்பி... எத்தனாவது கம்பின்னு தெரியல. உங்க கோடு அது மேலயே போயிருக்கு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பம்ப் ஹவுஸ் வாசலில் ஒரு கூண்டு மாதிரி அறை, உள்ளே காவல்காரர். மீட்டரை அவருக்குத் தெரிந்திருந்தது, ஒரே இலாகா ஆயிற்றே. "மீட்டர் சாரா? மத்தியானமே வந்தாரே. ரொம்ப நேரம் அந்தக் கம்பிகிட்ட நின்னாரு. மழையில நிக்காதீங்க சார்னு கூப்பிட்டேன், காதுலயே வாங்கல. கையில ஒரு சாவிய வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு."

"இப்ப எங்கய்யா அவரு?" அண்ணனின் குரல் கீச்சென்று வந்தது.

"தெரியலயே. நான் உள்ள போய் மோட்டார நிறுத்திட்டு வந்து பார்த்தேன். ஆளக் காணோம்."

கம்பி ஓரம் ஓடினோம். தண்ணீர் செம்மண் நிறத்தில், மேலே மழைத்துளி விழுந்து விழுந்து, எதையும் காட்டாமல் கிடந்தது. லிஃப்ட் கம்பியைத் தாண்டி வழுக்கும் படிகளில் இறங்கினான். "டேய், பார்த்துடா!" என்று அண்ணன் கத்தினார். தண்ணீரைத் தொடும் கடைசிப் படி வரை போய், "மீட்டர்ண்ணே! மீட்டர்ண்ணே!" என்று அவன் கூப்பிட்டான். மருந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் பார்க்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம். நான் பார்த்து, அங்கே ஏதாவது இருந்துவிட்டால், அந்த முடிவை எழுதியவள் நான்தான்.

அப்போதுதான் என் போன் அடித்தது. சலவைக் கடைக்காரர்.

"அக்கா, மேல கதவு திறந்திருக்கே. சாவி பூட்டுலயே தொங்குது. குரல் குடுத்தேன், யாரும் இல்ல. நீங்க யாராவது வந்தீங்களா?"

நான் சொன்னதும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். யாரும் சந்தோஷப்படவில்லை. ஏணி, மழைக்கோட்டு, ஸ்க்ரூ டிரைவர், தெர்மாமீட்டர், அகராதி. இப்போது சாவியும் வந்து சேர்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அவரிடம் இனி ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த வழி எனக்கு நினைவில் இல்லை. லிஃப்ட் அவர் நம்பரையே விடாமல் அடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மாடிப்படியில் நான்தான் முதலில் ஏறினேன். சலவைக் கடைக்காரர் சொன்னது சரிதான், பூட்டு கொண்டியில் தொங்கியது, சாவி அதில் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தரை கூட்டியிருந்தது. பானையைக் காணோம். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. எண்ணினேன். நாலு.

ஐந்தாவது நாற்காலி சுவரோரம் மடித்து வைத்தபடியே இருந்தது.

"அண்ணே..." என்று ஓட்டுநர் அண்ணனைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் காட்டினேன். மருந்தம்மா என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது கொல்லைப் பக்கத்து இரும்புப் படியில் மெதுவாக யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. குழாயடி அந்தப் பக்கம்தான். பின்கதவை முதுகால் தள்ளிக்கொண்டு மீட்டர் வந்தார். கையில் தண்ணீர் நிறைந்த பானை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"லேட்டாயிடுச்சு," என்றார். "குழாயில தண்ணி நூலாத்தான் வருது. வந்தப்ப யாரையும் காணோமே. திட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

போன உயிர் வந்தது என்பார்களே, எனக்கு அப்படி வரவில்லை. பயம் அதிகமாகத்தான் ஆனது. அந்த நாலு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்தில் யாரும் கேட்காததை, கேட்கக் கூடாது என்று நானே எழுதி ஒட்டியதைக் கேட்டேன்.

"அது உண்மையா?"

அவர் பானையை மூலையில் வைத்து மூடினார். நிமிர நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆமாக்கா."

பிறகு அவரே பேசினார். "நீங்க சொன்னது சரிதான். சாவிக்காகல்லாம் யாரும் திரும்ப மாட்டாங்க. அங்க நின்னு நின்னு அதையே பார்த்தேன், ஒண்ணும் தோணல. அப்புறம் மழை வலுத்துச்சு. நீங்க நாலு பேரும் அந்தப் படியில நெருக்கிக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டு, என்னத் திட்டிக்கிட்டு நிப்பீங்கன்னு தோணுச்சு. அந்த ஓட்டை வேற நேரா உங்க தோள் மேல ஒழுகும். அத நான் கதையில எழுதாம விட்டுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவத் திறந்து வெச்சு, தண்ணி ரொப்பிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"எங்க?" என்றான் லிஃப்ட்.

அவர் மடித்து வைத்த நாற்காலியைப் பார்த்தார்.

ஓட்டுநர் அண்ணன் விறுவிறுவென்று சுவரோரம் போனார். ஐந்தாவது நாற்காலியை எடுத்து, பிரித்து, தரை அதிர வட்டத்தில் வைத்தார். "உக்காருய்யா" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வந்தது. காதலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதிய மனிதர், மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்.

மீட்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடைந்துவிட்டார். மருந்தம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, நாடி பார்ப்பது போல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே மறு கையால் தனக்குத் தெரிந்த டாக்டருக்குப் போன் செய்தார். "இன்னிக்கே பார்க்கறேன்னு சொல்றார். நானும் உங்களோட வர்றேன், உள்ளயும் வர்றேன்" என்றார். ஓட்டுநர் அண்ணன் ஒரு வாரம் அவர் வீட்டிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். லிஃப்ட் மீட்டரின் அக்காவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மருந்தம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

எனக்கு இவர்களைப் போல எந்தக் காரியமும் கைவரவில்லை. அந்த ஈரப் பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "தப்புப் பண்ணிட்டேன் மீட்டர். கதையப் பார்த்தேன், உங்களப் பார்க்கல. என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். கோடு கோடாகத்தான் இருந்தது, சிவப்பு மையை அழிக்க முடியாது.

டாக்டரிடம் கிளம்பும்போது அவர் பூட்டிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அடுத்த வாரம் உங்க முறைக்கா."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வாங்க மாட்டேன். அடுத்த வாரமும் நீங்கதான் திறக்கணும். அதுக்கு அடுத்த வாரமும்."

"முறைன்னு ஒண்ணு இருக்கேக்கா."

"முறையாவது மண்ணாவது. திறக்கலேன்னா நாங்க படியில நனைவோம். அவ்வளவுதான்."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வருடமாகச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. மருந்து சாப்பிடுகிறார், டாக்டரிடம் போகிறார், சில வாரம் எழுதுகிறார், சில வாரம் எழுதுவதில்லை. விதிகள் எழுதிய தாளை நானே கிழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு கதைக்குப் பிறகும் உண்மையா என்று கேட்கிறோம். லிஃப்டின் பேய்க் கதைக்குக்கூட விடுவதில்லை.

ஆனால் என் பயம் போகவில்லை. சனிக்கிழமை ஆனால் அரை மணி முன்னதாகவே வந்து தெருமுனையில் நிற்கிறேன். புரூஃப் பார்க்க அமைதியான இடம் வேண்டும் என்று சாக்குச் சொல்வேன், நடுத்தெருவில் என்ன அமைதி? அவர் வந்து மாடி ஜன்னலைத் திறக்கும் வரை எனக்கு ஒரு வரிகூடத் திருத்த ஓடாது.

இன்றைக்கும் நிற்கிறேன். மணி மூன்றே முக்கால். தூறல் போட ஆரம்பித்திருக்கிறது. ஜன்னல் இன்னும் திறக்கவில்லை.